ஊர் ஒன்றியம் ஒன்றின் பழைய இணையத்தளத்தைப் புதிய மென்பொருளுக்கு மாற்றியமை: ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஓர் ஊரிலிருந்து புலம்பெயர்ந்து ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றில் வாழ்வோர் அமைத்த ஒன்றியம், 2003 முதல் ஊரின் பெயரால் ஓர் இணையத்தளத்தை நடத்தி வருகிறது. கோயில் திருவிழாப் படங்கள், பாடசாலைச் செய்திகள், சனசமூக நிலையத்தின் கணக்கறிக்கைகள், ஊரின் பழைய குறிச்சிகளைப் பற்றிய கட்டுரைகள் எனப் பலவும் அதில் இருந்தாலும், மக்கள் அதைத் திறந்து பார்த்ததற்கு முதற்காரணம் மரண அறிவித்தல்களே. ஊரவர் பல நாடுகளில் சிதறிவிட்ட நிலையில், ஒருவர் காலமான செய்தியையும் ஈமக்கிரியை நேரத்தையும் எல்லோருக்கும் ஒரே பொழுதில் எட்டவைக்கும் பலகையாகவே தளம் பயன்பட்டது. காலப்போக்கில் அந்த அறிவித்தல்கள் ஊரின் குடும்ப வரலாற்றுக்கு எஞ்சியிருக்கும் ஒரே எழுத்துச் சான்றாகவும் ஆகிவிட்டன. போரினால் ஊரிலிருந்த பதிவுகள் பல அழிந்தபின், யார் யாருக்கு மகன், எந்தக் குறிச்சியில் மணமுடித்தார் என்பதை அறிய விரும்புவோர் தேடிப் போகக்கூடிய வேறு இடம் இருக்கவில்லை.

தளம் மூன்று காலங்களில் மூன்று விதமாகக் கட்டப்பட்டிருந்தது. 2003இல் தொடங்கியபோது ஒவ்வொரு பக்கமும் வலைப்பக்கங்களுக்கான எச்டிஎம்எல் மொழியில் கையால் எழுதப்பட்ட கோப்பு. எழுத்து பாமினி எழுத்துருவில் இருந்தது. 2006இல் தளம் ஜூம்லா என்னும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருளின் முதல் பதிப்புக்கு மாறியது. அதன்பின் வந்தவை ஒருங்குறியில் (யூனிகோட்) எழுதப்பட்டன. 2009இல் ஜூம்லா 1.5க்கு உயர்த்தப்பட்டு அங்கேயே நின்றுவிட்டது. பழைய பாமினிப் பக்கங்களை யாரும் தொடவில்லை. அவை ஒரு துணை அடைவில் அப்படியே கிடந்தன.

## மாற்றத்தைத் தவிர்க்க முடியாமற் போனது

ஜூம்லா 1.5க்கான ஆதரவு 2012இலேயே முடிந்துவிட்டது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் தளத்தை நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை. செய்யத் தெரிந்தவர்களுக்கு நேரமும் இருக்கவில்லை. 2023இல், தளத்தைத் தன் கணினிகளில் வைத்திருந்த வழங்கி நிறுவனம், ஜூம்லா எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பியின் 5ஆம் பதிப்பைத் தன் கணினிகளிலிருந்து முற்றாக நீக்கப்போவதாக அறிவித்தது. அந்த வரிசையின் இறுதிப் பதிப்பான 5.6க்கே பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பருடன் நின்றுபோயிருந்தமையால், நிறுவனத்தைக் குறை சொல்ல இடமில்லை. பிஎச்பி 7இல் பழைய தரவுத்தள இணைப்புச் செயற்கூறுகளே நீக்கப்பட்டுவிட்டன. ஆகவே பழைய ஜூம்லாவையும் அதற்குக் கூடுதல் வசதி தரும் துணைநிரல்களான நீட்சிகளையும் புதிய பதிப்பின்மேல் அப்படியே ஏற்றி ஓட்டுவது நடக்கக்கூடியதாக இல்லை.

அதே வேளையில் வேறொன்றும் தெரியவந்தது. ஊரின் பெயரைத் தேடுபொறியில் இட்டால், தளத்தின் பெயரோடு மருந்து விற்பனைப் பக்கங்கள் சில தோன்றின. படங்கள் இருக்கவேண்டிய அடைவுக்குள் யாரோ நிரற்கோப்புகளை நுழைத்துவிட்டிருந்தார்கள். அவை எவ்வளவு காலமாக அங்கே இருந்தன என்பதை உறுதிசெய்ய இயலவில்லை.

மூவர் கொண்ட சிறு குழு அமைக்கப்பட்டது: மென்பொருள் துறையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், தளத்தைத் தொடக்கத்தில் கட்டியவர், ஊரில் இருந்தபடியே அறிவித்தல்களைப் பதிவேற்றிவரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். ஊரில் எல்லோரும் ரீச்சர் என்றே அழைக்கும் அவ்வாசிரியை பணியின் போக்கைப் பெரிதும் தீர்மானித்தார். தொடக்கத்தில் அதை எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

## மென்பொருளைத் தெரிவுசெய்தமை

நான்கு வழிகள் பரிசீலிக்கப்பட்டன. ஜூம்லாவிலேயே தொடர்வது முதல்வழி. பெயர் ஒன்றாக இருந்தாலும் 1.5இலிருந்து அதன் அடுத்த பதிப்புக்குச் செல்வது மேம்படுத்தல் அன்று, உள்ளடக்கத்தைப் பெயர்த்துச் செல்வதே. பின்னர் இடைப்பட்ட பதிப்புகள் வழியே ஒவ்வொரு படியாக ஏறவேண்டும். அதற்கு ஆகும் உழைப்பு, புதிய இடத்துக்கு நேரே போவதற்கு ஆகும் உழைப்பைவிடக் குறைவாக இருக்கவில்லை. அதே வகை மென்பொருளான ட்ரூபல் வலுவானது, ஆயினும் அதன் 7ஆம் பதிப்பிலிருந்து பின்வந்தவற்றுக்கு மாறப் பல சங்கங்கள் பட்ட பாட்டைக் குழுவினர் அறிந்திருந்தார்கள். நிலையான கோப்புகளாகவே தளத்தை வைத்துவிடுவது எல்லாவற்றிலும் பாதுகாப்பானது, செலவும் குறைந்தது. ஆனால் அறிவித்தல்கள் ஊரிலிருந்து ஒரு கைபேசி வழியாக, பெரும்பாலும் இரவில், மின்சாரமும் இணைப்பும் உறுதியில்லாத சூழலில் பதிவேற்றப்படுபவை. அந்த வேலையைச் செய்பவருக்குப் பொருந்தாத கருவி எவ்வளவு நேர்த்தியானதாயினும் பயனில்லை.

இறுதியில் நான்காவது வழியான வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருள் தெரிவாயிற்று. அது மற்றவற்றைவிடச் சிறந்தது என்ற முடிவு இதில் இல்லை. இளைஞர் நாளை விலகிக்கொண்டால் வேறொருவரை எளிதில் தேடிக்கொள்ளலாம் என்பதும், ரீச்சர் ஏற்கனவே பாடசாலைத் தளத்தில் அதைப் பயன்படுத்திப் பழகியிருந்தார் என்பதுமே காரணங்கள். நீட்சிகளை இயன்ற அளவு குறைத்துக்கொள்வது என்றும் அப்போதே தீர்மானிக்கப்பட்டது. பழைய தளத்தை முடக்கியவை பெரும்பாலும் கைவிடப்பட்ட நீட்சிகளே.

## பாமினிப் பக்கங்கள்

பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழ் எழுத்து என்று கணினிக்கு எதுவும் தெரியாது. விசைப்பலகையின் ஆங்கில எழுத்துகளுக்கும் நிறுத்தக்குறிகளுக்குமே தமிழ் வடிவம் வரையப்பட்டிருக்கும்; எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். கைபேசிகளில் இப்பக்கங்களை யாரும் வாசித்திருக்க முடியாது. தேடுபொறியும் அவற்றைத் தமிழாகக் கண்டுகொண்டதில்லை.

இவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் பல உள்ளன. ஆனால் அவை சுத்தமான பாமினி எழுத்தையே எதிர்பார்ப்பவை. வலைப்பக்கத்தின் மூலத்தை அப்படியே கொடுத்தால் தடுமாறுகின்றன. முதற் சோதனையிலேயே, கால்புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் ‘பவ்’ என்ற அசை முளைத்தது. பாமினியில் கால்புள்ளியைத் தருவது ‘பெரிது’ என்னும் கணிதக் குறி. எச்டிஎம்எல் மூலத்தில் அக்குறி ஆங்கில எழுத்துகளாலான ஒரு சுருக்கமாக எழுதப்படும். அந்தச் சுருக்கத்தின் எழுத்துகளையே கருவி பாமினியாகக் கருதி மாற்றிவிட்டது. சுருக்கங்களை முதலில் அவிழ்த்துவிட்டு, பிறகே எழுத்தை மாற்றவேண்டும் என்ற ஒழுங்கு அதன்பின் உறுதியாயிற்று.

இதைவிடக் கடினமானது ஈகாரம். பாமினியில் ‘ஈ’ என்பது ‘சிறிது’ என்னும் கணிதக் குறி. கையால் எழுதப்பட்ட பக்கங்கள் சிலவற்றில் அது சுருக்கமாக மாற்றப்படாமல் அப்படியே இருந்தது. உலாவி அதை ஒரு குறிச்சொல்லின் தொடக்கம் என்று எண்ணி, அடுத்த கால்புள்ளி வரையுள்ள சொற்களை விழுங்கிவிடும். ‘ஈமக்கிரியை’ என்று தொடங்கும் வரிகள் அறிவித்தல்கள் சிலவற்றில் காணாமற் போயிருந்ததற்கு இதுவே காரணம். மூலக்கோப்பில் அவை இருந்தபடியால் மீட்டெடுக்க முடிந்தது. உலாவியில் தெரிந்ததை மட்டும் நகலெடுத்திருந்தால் அவை என்றென்றைக்கும் போயிருக்கும்.

அடுத்தது வரிசை. பாமினியில் கொம்பு, மெய்யெழுத்துக்கு முன்னே தட்டச்சிடப்படுகிறது. ஒருங்குறியில் மெய்க்குப் பின்னே வைக்கப்படுகிறது. ‘கொ’ போன்றவற்றில் கொம்பும் காலும் இரு பக்கமும் பிரிந்து நிற்கும்; அவற்றைச் சேர்த்து ஒரே குறியாக்கவேண்டும். நீளமான கோவைகளை முதலில் பொருத்திப் பார்த்துப் பின்னர் குறுகியவற்றுக்கு வந்தால் இது ஒழுங்காக நடக்கிறது. தொலைபேசி இலக்கங்களுக்கு அருகிலிருந்த ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் தமிழாக மாறிவிடாதபடி, எழுத்துருவைக் குறிக்கும் குறிச்சொற்களின் எல்லைக்குள் இருந்தவை மட்டுமே மாற்றப்பட்டன. அந்த எல்லைகள் சரியாக மூடப்படாத பக்கங்களை ரீச்சர் கண்ணால் பார்த்தே திருத்தினார்.

## தொலைந்துபோன நான்கு குறிகள்

பாமினிப் பக்கங்களே இடர் தரும் என்று குழு எண்ணியிருந்தது. உண்மையான இடர், ஒருங்குறியில் சரியாக இருப்பதாக நம்பப்பட்ட 2006–2009 காலத்துக் கட்டுரைகளில் இருந்தது. அவற்றில் பல திரையில் ஒழுங்காகவே தெரிந்தன. சிலவற்றில் புள்ளிகள் இருக்கவில்லை. சொற்களின் நடுவே கேள்விக்குறிகள் இருந்தன. பழைய எழுத்துருக் கோளாறு என்று நினைத்து வாசகர்கள் அதைப் பொறுத்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது இதுதான். தமிழின் ஒருங்குறி எழுத்து ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்னும் சேமிப்பு முறையில் 3 பைட்டுகளாக (கணினி நினைவகத்தின் சிற்றலகுகள்) சேமிக்கப்படுகிறது. பழைய தரவுத்தளமோ தன்னிடம் இருப்பது மேற்கு ஐரோப்பிய எழுத்துகள் என்று எண்ணிக்கொண்டே அந்தப் பைட்டுகளைச் சேமித்து வந்தது. உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒரே வழியாக இருந்தவரை எவருக்கும் தெரியவில்லை. இடையில் ஒருமுறை தளத்தை வேறு வழங்கிக்கு மாற்றியபோது, பயன்படுத்தப்பட்ட ஒரு மாற்றுக்கருவி அந்தப் பைட்டுகளை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளாகவே எடுத்து விண்டோஸ்-1252 என்ற பட்டியலுக்குக் கொண்டுபோயிருக்கிறது. அப்பட்டியலில் ஐந்து இடங்கள் வெறுமையாக விடப்பட்டவை. தமிழின் உகரக் குறி, புள்ளி, ஏகாரம், ஐகாரம் ஆகிய நான்கின் இறுதிப் பைட்டுகளும் அந்த வெற்றிடங்களில் போய் விழுகின்றன. இடம் இல்லாததால் கருவி அவற்றுக்குப் பதிலாகக் கேள்விக்குறியை வைத்துவிட்டது.

புள்ளியும் உகரமும் போனால் தமிழில் எஞ்சுவது என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தரவுத்தளத்தின் எழுத்து வரையறையைத் திருத்தி, இரட்டிப்பாக மாறியிருந்தவற்றை மீளப்பெறுவது பொறியியல் அளவில் அறியப்பட்ட வேலை: புலத்தை முதலில் வெறும் பைட்டுகளாக அறிவித்து, பின்னர் சரியான வரையறையை அறிவிக்கவேண்டும். ஆனால் கேள்விக்குறியாகிப்போனதை அப்படி மீட்க முடியாது. முதல் இரண்டு பைட்டுகள் எஞ்சியிருந்தபடியால், ஒரு கேள்விக்குறி புள்ளியாகவோ உகரமாகவோ இருக்கவேண்டும், அல்லது ஏகாரமாகவோ ஐகாரமாகவோ இருக்கவேண்டும் என்ற அளவுக்கே அறிய முடிந்தது. இரண்டில் எது என்பதை மொழியே சொல்லவேண்டும்.

இந்த இடத்தில் ரீச்சரின் இலக்கண அறிவு நேரடியாக நிரலாயிற்று. ஒரே மெய் இரட்டித்து வரும் இடத்தில் முதலாவது புள்ளி பெற்றே நிற்கும். வல்லின மெய் சொல்லின் ஈற்றில் நிற்பதில்லை. ஆகவே அங்கே உகரம். அடுத்த சொல் அதே வல்லினத்தில் தொடங்கினால் அது சந்தியாக இருக்கலாம், அதைத் தனியே பார்க்கவேண்டும். ஈற்றில் மகரமோ னகரமோ ரகரமோ வந்தால் பெரும்பாலும் புள்ளி. ‘திரு’, ‘ஒரு’, ‘தெரு’ போன்றவற்றுக்கு ஒரு விலக்குப் பட்டியல். மரண அறிவித்தலின் நடை மாறாத நடை என்பதும் பெரிதும் உதவியது. ‘பிறப்பிடமாகவும்’, ‘வதிவிடமாகவும் கொண்ட’, ‘காலஞ்சென்றவர்களான’, ‘அன்னாரின்’, ‘உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு’ என்ற தொடர்கள் ஏறத்தாழ ஒவ்வொன்றிலும் வருவதால், விதிகள் சரியாக வேலை செய்கின்றனவா என்பதை அத்தொடர்களைக் கொண்டே சோதிக்க முடிந்தது.

பெயர்களில் இந்த விதிகள் பயன்படுத்தப்படவில்லை. ராமுவும் ராமும், வேலுவும் வேலும் வெவ்வேறு மனிதர்கள். ஓர் இறந்தவரின் பெயரை நிரல் ஊகித்து எழுதி, அது பின்னர் குடும்பத்தின் சான்றாக நிலைத்துவிடுவதைக் குழு ஏற்கவில்லை. எனவே பெயர்கள் வரும் இடங்களில் மூன்று வழிகள் மட்டுமே அனுமதிக்கப்பட்டன: வேறோர் அறிவித்தலில் அதே மனிதரின் பெயர் பழுதின்றி இருக்கவேண்டும், இல்லாவிட்டால் இணைய ஆவணக் காப்பகத்தில் சேமிக்கப்பட்டுள்ள பழைய பிரதியில் இருக்கவேண்டும், அதுவும் இல்லாவிட்டால் குடும்பத்தவரிடம் கேட்டறியவேண்டும். முடியாதவை ஐயக்குறியுடன் விடப்பட்டன. பணியின் காலம் எதிர்பார்த்ததைவிட நீண்டதற்கு இந்த முடிவே காரணம். இது சரியான முடிவு என்பதே இதை எழுதுபவரின் கருத்து.

## முகவரிகள்

ஜூம்லா 1.5 தமிழ்த் தலைப்பிலிருந்து முகவரிக்கான சொல்லை உருவாக்க முயன்று, ஆங்கில எழுத்து எதுவும் கிடைக்காததால், பதிவேற்றிய நாளையும் நேரத்தையும் இலக்கங்களாக வைத்துவிடும். பார்ப்பதற்கு அழகில்லை என்றாலும் அந்த முகவரிகள் குடும்பங்களின் மின்னஞ்சல்களிலும் முகநூல் பகிர்வுகளிலும் ஏராளமாகப் பரவியிருந்தன. அவை இறந்துபோக விடக்கூடாது.

புதிய மென்பொருள் தமிழ்ச் சொற்களையே முகவரியில் ஏற்கிறது. ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் முகவரியில் 9 எழுத்திடங்களை எடுத்துக்கொள்வதாலும், வேர்ட்பிரஸ் அதற்கு 200 இடங்களையே ஒதுக்குவதாலும், ஏறத்தாழ 22 குறியீடுகளோடு தலைப்பு துண்டிக்கப்படுகிறது. ‘திருமதி’ என்று தொடங்கும் நீண்ட பெயர்கள் பாதியில் நிற்கும். ஆகவே பழைய கட்டுரை இலக்கத்தையே ஓர் எழுத்து முன்னொட்டோடு புதிய முகவரியாக வைத்துக்கொண்டார்கள். இதனால் பழைய முகவரியில் உள்ள கட்டுரை இலக்கத்தை எடுத்துப் புதியதற்குத் திருப்பிவிடும் ஒரே விதி பெரும்பாலானவற்றுக்குப் போதுமானதாயிற்று.

## உயிரோடிருப்பவர்களின் விவரங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ளது. இறந்தவர்களின் விவரங்களுக்கு அது பொருந்துவதில்லை. ஆனால் மரண அறிவித்தலின் அடியில் மகன், மருமகள், சகோதரர் ஆகியோரின் பெயர்களும் தொலைபேசி இலக்கங்களும் சில வேளைகளில் வீட்டு முகவரியும் இருக்கும், அவர்கள் உயிரோடிருப்பவர்கள். உறவுப்பெயர்களை நீக்கினால் அறிவித்தலின் பொருளே போய்விடும் என்று ரீச்சர் வாதிட்டார். தொலைபேசி இலக்கத்தின் பயன் ஈமக்கிரியையோடு முடிந்துவிடுகிறது என்பதை எல்லோரும் ஏற்றார்கள். ஆகவே பழைய அறிவித்தல்களில் இலக்கங்களும் வீட்டு முகவரிகளும் நீக்கப்பட்டன. புதியவற்றில் அவை தனிப் புலத்தில் இடப்பட்டு, 31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டி கழிந்தபின் தாமாகவே மறையும்படி அமைக்கப்பட்டன. பெயரை நீக்கக் கேட்பவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி தரப்பட்டது.

## மாற்றிய நாட்கள்

பழைய தளத்திலிருந்து எழுத்தும் படங்களும் ஆவணக் கோப்புகளும் மட்டுமே எடுக்கப்பட்டன; நிரற்கோப்பு எதுவும் கடக்க விடப்படவில்லை. ஒவ்வொரு படமும் மீண்டும் குறியேற்றப்பட்டது, படம் என்ற பெயரில் வேறெதுவும் ஒளிந்திராதபடி. உறுப்பினர்களின் கடவுச்சொற்கள் கொண்டுவரப்படவில்லை. புதிதாக அமைத்துக்கொள்ளும்படி கேட்கப்பட்டது.

மாற்றத்துக்கு முன் சில நாட்கள் புதிய பதிவுகளை நிறுத்திவைப்பது வழக்கம். இங்கே அது இயலாது. சாவு நாள் பார்த்து வருவதில்லை. எனவே மற்ற எல்லாப் பதிவுகளும் நிறுத்தப்பட்டு, அறிவித்தல்கள் மட்டும் பழையதிலும் புதியதிலும் இரண்டு முறை இடப்பட்டன. தளத்தின் பெயர் எந்தக் கணினியைக் காட்டுகிறது என்பதை மற்றக் கணினிகள் நினைவில் வைத்திருக்கும் காலத்தை, பெயர்ச் சேவையகத்தில் முன்கூட்டியே 5 நிமிடமாகக் குறைத்திருந்ததால், மாற்றம் நடந்த இரவு பெரும்பாலான வாசகர்கள் அதை உணரவேயில்லை. அந்த நாட்களில் அறிவித்தல்கள் வரவே செய்தன. இருமுறை இட்ட ஏற்பாடு வீண்போகவில்லை.

## பின்னர் நடந்தவை

பாமினிக் காலத்து அறிவித்தல்கள் தேடுபொறியில் முதன்முறையாகத் தோன்றத் தொடங்கின. தாத்தாவின் பெயரைத் தேடி வந்தவர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. அவற்றுள் சில, ஐயக்குறியுடன் விடப்பட்ட பெயர்களைத் திருத்தித் தந்தவை.

குறைகளும் தெரிந்தன. பழைய ஜூம்லா ஒவ்வொரு கட்டுரைக்கும் பிடிஎஃப் வடிவத்துக்கென ஒரு தனி முகவரி தந்திருந்தது. வழிமாற்று விதியில் அது சேர்க்கப்படவில்லை. சிலர் அம்முகவரிகளையே பகிர்ந்திருந்தார்கள் என்பது, கிடைக்காத பக்கங்களின் பதிவைப் பார்த்தபின்னரே தெரிந்தது. தேடற்பெட்டியில் ‘ஸ்ரீ’ என்று தொடங்கும் பெயர்கள் பாதிதான் அகப்பட்டன. அவ்வெழுத்தை ஒருங்குறியில் ஸகரத்தைக் கொண்டும் 2005இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டும் இரு வகையில் எழுதலாம். இரண்டும் கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. பதிவேற்றும்போதும் தேடும்போதும் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் சிறு நிரல் எழுதப்பட்டது. திருவிழாப் பாடல்களை ஒலிக்கவைத்த ஃபிளாஷ் இயக்கி 2020 முடிவிலேயே செயலிழந்திருந்தது. ஒலிக்கோப்புகள் மட்டும் மீட்கப்பட்டு இயல்பான முறையில் வைக்கப்பட்டன.

## மீண்டும் செய்வதானால்

குழு தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தவற்றுள் மற்றவர்களுக்கும் பயன்படக்கூடியவை மூன்று. மென்பொருளைப் பற்றிப் பேசத் தொடங்குமுன், ஒவ்வொரு காலத்திலிருந்தும் சில பக்கங்களை எடுத்து, தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவரை எழுத்தெழுத்தாக வாசிக்கச் செய்யவேண்டும். நான்கு குறிகள் தொலைந்திருந்தது அப்படிச் செய்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். தரவுத்தளத்தின் காப்புப்பிரதியை எந்த மாற்றமும் செய்யாத பைட்டுகளாக எடுத்துப் பூட்டிவைத்த பின்னரே எதையும் திறக்கவேண்டும். வழிமாற்றுக்கான முகவரிப் பட்டியலைத் தளத்தின் உள்ளமைப்பிலிருந்து ஊகிக்காமல், வழங்கியின் வருகைப் பதிவேட்டிலிருந்து தொகுக்கவேண்டும். மக்கள் உண்மையில் எதைத் திறக்கிறார்கள் என்பது அங்கேதான் இருக்கிறது.

தளத்தின் பெயர் அதுவரை ஒரு தனிமனிதரின் பெயரில் பதிவாகியிருந்தது. அது ஒன்றியத்தின் பெயருக்கு மாற்றப்பட்டு, கட்டணத்தைச் செலுத்தும் பொறுப்பு பொருளாளரின் கடமைகளுள் சேர்க்கப்பட்டது. பாமினி மூலக்கோப்புகளின் ஒரு பிரதி ஊரிலுள்ள சனசமூக நிலையத்திலும் மற்றொன்று ஒன்றியச் செயலாளரிடமும் வைக்கப்பட்டுள்ளன. ஐயக்குறியுடன் உள்ள பெயர்களின் பட்டியலை ரீச்சர் இன்னும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டிருக்கிறார்.